உடல் கடிகாரம் நிற்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் குகைவாசம் பற்றிய கட்டுரையில், 'சூரியனைப் பார்க்காவிட்டால் உடலின் கடிகாரம் நின்றுவிடும்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். நிற்காது ஐயா. மூளையில் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்கு மேலே உள்ள சுமார் 20,000 நரம்பணுக்கள்தான் தூக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் அந்தக் கடிகாரம். இருட்டிலும் அது ஓடும். வெளிச்சம் செய்வது தினசரித் திருத்தம் மட்டுமே. திருத்தம் இல்லாதபோது கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று 1999இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள்.

1962இல் ஆல்ப்ஸ் குகையில் இரண்டு மாதம் இருந்த பிரெஞ்சு குகை ஆய்வாளர் மிஷேல் சிஃப்ர், செப்டம்பர் 14 அன்று வெளியே வந்தபோது அதை ஆகஸ்ட் 20 என்று நம்பினார். அவர் தூங்கி விழித்த சுற்று 24½ மணியை ஒட்டியே இருந்தது. பிசகியது மனம் போட்ட நாள் கணக்கு. நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ண அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. பிந்தைய சோதனைகளில் சிலருக்கு விழிப்பும் தூக்கமும் சேர்ந்து 48 மணி வரை நீண்டன. கடிகாரத்தின் ஓட்டத்தைக் காட்டும் உடல் வெப்பமோ 25 மணியை ஒட்டியே ஏறி இறங்கியது. 1972இல் டெக்சாஸ் குகையில் ஆறு மாதம் கழித்த அதே சிஃப்ர், நினைவு மங்கி மனம் ஒடிந்துபோனார். இவ்வளவுக்கும் பிறகு 'மனவுறுதி போதும்' என்று கட்டுரையை முடிக்க எப்படி மனம் வந்தது?

உங்கள் மருத்துவப் பகுதியும் முன்பு இப்படித்தான். தூக்கம் வராதவர்கள் எல்லோரும் காலை வெயிலில் நடக்க வேண்டும் என்று எழுதினீர்கள். நெய்வேலியிலும் கடலூர் சிப்காட்டிலும் இரவு ஷிப்ட் முடித்து வருபவர்களும் உங்கள் வாசகர்கள்தானே? உடல் வெப்பம் விடியலுக்குச் சற்று முன் அடிமட்டத்துக்கு இறங்கும். அதற்குப் பின் கண்ணில் படும் வெயில் கடிகாரத்தை முன்னே தள்ளும்; அதாவது தூக்கமும் விழிப்பும் சீக்கிரமே வரும். பகலில் தூங்க வேண்டியவருக்கு அது நேர் எதிரி. ஷிப்டின் முதல் பாதியில் நல்ல வெளிச்சம், கடைசி இரண்டு மணி நேரம் மங்கல், பஸ்ஸில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, ஜன்னலுக்குக் கனத்த திரை, தூக்கத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே டீ நிறுத்தம்: அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதைத்தான். வண்டி ஓட்டி வருபவர் மட்டும் அந்தக் கண்ணாடியைப் போடக் கூடாது, கண் சொக்கிவிடும்.

நெய்வேலியைப் 'பாதாளச் சுரங்கம்' என்று எழுதியதையும் நீங்கள் இன்னும் திருத்தவில்லை. அது திறந்தவெளிச் சுரங்கம் என்பது ஆசிரியர் அறியாததல்ல.

அடுத்த ஞாயிறு இணைப்பில் நான்கு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
வாசகர், மந்தாரக்குப்பம்