பள்ளிப் பல் முகாம்களில் அளவீடும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் பல் பரிசோதனை முகாம் நடந்தால், எத்தனை மாணவர்கள் பார்க்கப்பட்டனர், எத்தனை பேருக்குப் பற்பசையும் பிரஷ்ஷும் வழங்கப்பட்டன என்ற கணக்கு மறுநாளே செய்தியாகிறது. அந்தப் பிள்ளைகளின் பற்களில் பிளாக் எனப்படும் அழுக்குப் படலம் எவ்வளவு இருந்தது, ஆறு மாதம் கழித்து அது குறைந்ததா என்ற கணக்கை நான் சென்ற முகாம்களின் பதிவேடுகளில் கண்டதில்லை. 'வாய்ச் சுகாதாரம் சுமார்' என்று ஒரே சொல்லில் எழுதிக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ஒரு மருத்துவருக்குச் 'சுமார்' எனப்படுவது இன்னொருவருக்கு 'நன்று' ஆகிவிடும்.

இதற்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. கிரீன், வெர்மில்லியன் ஆகிய பல் மருத்துவ ஆய்வாளர்கள் இருவர் 1960-இல் வகுத்து, 1964-இல் எளிமையாக்கிய முறையில் ஆறு பற்களைப் பார்த்தால் போதும்: மேல்வரிசை முதல் கடைவாய்ப் பற்கள் இரண்டின் கன்னப்புறம், கீழ்வரிசையில் அவற்றின் நாக்குப்புறம், மேலும் கீழும் தலா ஒரு முன்பல்லின் உதட்டுப்புறம். படலம் இல்லையென்றால் 0, பல்லின் மூன்றில் ஒரு பங்கு வரை 1, மூன்றில் இரண்டு வரை 2, அதற்கும் மேல் 3. சராசரி 0.6 வரை நன்று, 1.8 வரை சுமார். அதற்கு மேல் மோசம். படலம் கெட்டிப்பட்டுப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் காரைக்கும் இதேபோல் தனி மதிப்பெண் உண்டு. வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியும் எக்ஸ்ப்ளோரர் எனும் கூர்முனைக் கருவியும் நல்ல வெளிச்சமும் இருந்தால், ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்களே ஆகும்.

படலத்தை மட்டும் அளந்தால் போதாது, ஈறுகளின் நிலையையும் தனியே குறிக்க வேண்டும் என்பதற்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரிடம் 1970-இல் தொடங்கிய ஆய்வே சான்று. பல் துலக்கும் வழக்கமற்ற அவர்கள் அனைவரிடமும் படலமும் காரையும் மிகுந்திருந்தும், 15 ஆண்டுகளில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு ஈறு நோய் விரைந்து முற்றியது. 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை.

ஆகவே, வரும் கல்வியாண்டு முதல் பள்ளி முகாம்களில் இந்த மதிப்பெண்களைப் பதிந்து, அதே மாணவர்களை ஆறு மாதம் கழித்து மீண்டும் அளக்கவும், பத்தில் ஒருவரையாவது இரண்டாம் முறை பரிசோதித்து மருத்துவர்களின் கணிப்பு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கவும் பொதுச் சுகாதாரத் துறை ஆணையிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அரசுப் பல் மருத்துவர்,
திருவாரூர்.