நெரிசல் செலவு யார் தலையில்?

ஆசிரியருக்கு,

இந்தியா–இலங்கை மின் இணைப்புக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை 2025 ஏப்ரலில் கைச்சாத்தானது. இணைப்பு வரட்டும், நல்லதுதான். ஆனால் கம்பியில் நெரிசல் வந்தால், அதாவது கம்பி தாங்குவதைவிடக் கூடுதல் மின்சாரம் பாய வேண்டி வந்தால், அதைச் சமாளிக்கும் செலவு யாருடையது?

ஐரோப்பா இதில் நன்றாகப் பட்டிருக்கிறது. வட ஜேர்மனியின் காற்றாலை மின்சாரம் தெற்கே போக உள்நாட்டுக் கம்பிகள் போதவில்லை. அது போலந்து, செக் நாடுகள் வழியாகச் சுற்றிப் பாய்ந்தது. நெரிசலைத் தீர்க்க ஒரு பக்கம் உற்பத்தியைக் குறைத்து, மறுபக்கம் கூட்ட வேண்டும். இரண்டுக்கும் காசு. அந்தச் செலவைப் பங்கிடப் பொதுமுறை வேண்டுமென்று 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் விதியே செய்தது.

நமக்குத் திட்டமிடப்படுவது நேரோட்ட (DC) இணைப்பு. அதில் மின்சாரத்தின் பாய்ச்சலைக் கட்டுப்படுத்தலாம், சரி. அந்த மின்சாரம் கரை சேர்ந்த பிறகு உள்ளூர் வலையமைப்பில் இடமில்லாவிட்டால்? 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை குறைந்ததால் கூரைச் சோலாரை நிறுத்தச் சொன்னார்கள். மட்டக்களப்பில் கடன்பட்டுச் சோலார் பூட்டியவர்கள் இருக்கிறார்கள். நாளை இறக்குமதிக்கு இடம்விட இவர்களை நிறுத்தச் சொன்னால், அந்த நட்டத்தை இணைப்பால் இலாபம் பெறுவோரே கொடுக்க வேண்டும். இறுதி ஒப்பந்தத்தில் அதை எழுத்தில் வையுங்கள். அதற்கு முன், மின் துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இங்கும் வந்து தமிழில் கருத்துக் கேட்கட்டும்.

வாசகர்,
களுவாஞ்சிகுடி