எங்கள் மண்ணில் குரோமியத்தைச் சோதியுங்கள்

எங்கள் வட்டார வேளாண் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் நாற்றங்காலைப் பார்க்க வந்தீர்கள். பாதி நெல்கூட முளைக்காத பாத்தியைப் பார்த்துவிட்டு, "விதை சரியில்லை, அடுத்த முறை முளைப்பைத் தூண்டும் ஜிப்ரலிக் அமிலத்தில் ஊறவைத்து விடுங்கள்" என்று சொல்லிப் போனீர்கள். வெயிலில் வந்து பார்த்ததற்கு நன்றி. ஆனால் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

அது சான்று விதை. 80 சதவீதத்துக்குக் குறையாமல் முளைத்தால்தான் நெல்லுக்குச் சான்று அட்டையே கட்டுவார்கள். நீங்கள் போன பிறகு, மூட்டையில் மீந்த நெல்லில் இரண்டு பிடி எடுத்தேன். ஒன்றை மழைநீரிலும் மற்றதை எங்கள் கிணற்று நீரிலும் ஊறவைத்துத் தனித்தனித் துணியில் முடிந்து வைத்தேன். நான்காம் நாள் பிரித்தால், மழைநீர் முடிச்சில் வெள்ளை வேர்கள் பின்னிக் கிடந்தன. கிணற்று நீர் முடிச்சில் பல நெல் வாயே திறக்கவில்லை. முளைத்தவற்றிலும் வேர் ஓர் அரிசி நீளம் இல்லை, நுனி பழுத்துக் கருகியிருந்தது. அம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் தாவரவியல் படித்தவள். நெல் ஊறியதும் கரு ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கும். அது போய்ச் சேர்ந்தால்தான் மாவைச் சுற்றியுள்ள படலம் அமைலேஸ் நொதியை உண்டாக்கும். அந்த நொதி மாவைச் சர்க்கரையாக்கினால்தான் முளைக்குச் சாப்பாடு. தோல் பதனிடும் கழிவோடு வரும் குரோமியம் என்ற உலோகம் உள்ளே போனால் அமைலேஸ் குறைகிறது, விதையை உறங்கவைக்கும் அப்சிசிக் அமிலத்தின் கை ஓங்குகிறது. வெளியிலிருந்து ஜிப்ரலிக் அமிலம் கொடுத்தால் விதை ஓரளவு விழிக்கும், மறுக்கவில்லை. ஆனால் விழித்த வேர் இறங்கப்போவது அதே மண்ணில்தானே?

உப்பாலும் இப்படி ஆகும் என்பீர்கள். சரி, ஆகலாம். உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் மண்வள அட்டையில் இருக்கிறது. அட்டையில் மொத்தம் 12 அளவுகள். தழை, மணி, சாம்பல் சத்துகள் முதல் போரான் வரை எல்லாம் உண்டு, குரோமியம் இல்லை. தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவே உழுகிற எங்களுக்கு அந்த ஒரு வரிதானே முதலில் வேண்டும்? குரோமியத்தைச் சோதியுங்கள்.

பாலாற்றில் கலக்கும் தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. குற்றம் மட்டும் இன்னும் விதை மேலும் விதைத்தவர் மேலும்தான் விழுகிறது. மறுபடி விதை, மறுபடி உழவு, மறுபடி கடன். இதற்கு யார் பொறுப்பு?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாற்று விடுவதற்குள் எங்கள் மண்ணையும் கிணற்று நீரையும் எடுத்து, குரோமியம் எவ்வளவு, அதில் நஞ்சு கூடிய ஆறிணைதிறன் குரோமியம் எவ்வளவு என்று பார்த்து எழுத்தில் தாருங்கள். மாதிரி எடுக்க வருகிறவர் பார்க்கட்டும் என்று அந்த இரண்டு முடிச்சுகளையும் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரை விவசாயி ஒருவரின் மகள்