ஆண்டறிக்கை: தோட்டமும் திருவிழாவும் ஒரு மட்குக் குவியலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகல் அனுப்பப்படும். அவர்களைப் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கிறது.

நம் கூட்டுத் தோட்டச் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைச் சபையின் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. இரண்டு முறை கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் ஒத்திவைத்து, அரை மணி நேரம் கழித்து அதே ஐந்து பேருடன் மறுபடி கூடினோம். விதியில் அதற்கு இடமுண்டு. கருவி அறைக்குப் புதுப் பூட்டு போடப்பட்டது. வேலி சரிசெய்யப்பட்டது. கொட்டகைக் கூரையின் மழைநீரைப் பிடிக்க 200 லிட்டர் பீப்பாய் ஒன்று வைத்தோம். கூரையின் பரப்பு 20 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஆகவே 10 மி.மீ. மழைக்கே பீப்பாய் நிரம்பிவிடும், இரண்டாவதாக ஒன்று வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் மழையிலேயே வழிந்து கருவி அறைக்குள் தண்ணீர் புகுந்தது. என் கடிதம் இன்னும் பரிசீலனையில் இருப்பதாக அறிகிறேன்.

இளவேனில் தோட்டத் திருவிழா குறித்த நாளில் நடந்தது. தலைவர் தொடங்கிவைத்தார். தொட்டிச் செடி செய்முறை, விதைப் பரிமாற்றம், நாற்று வழங்கல், சிறுவர் ஓவியப் போட்டி ஆகியவை திட்டமிட்டபடி நடந்தன. மாலையில் ஒலிபெருக்கி பழுதானதால் நன்றியுரை சுருக்கமாக முடிந்தது. அதுபற்றிப் புகார் எதுவும் வரவில்லை.

விதைப் பரிமாற்றத்தில் ஒரு குறை. பொட்டலத்தின் மேல் செடியின் பெயர், அறுவடை செய்த ஆண்டு, வீரிய ஒட்டு ரகமா இல்லையா என்ற மூன்றையும் எழுதச் சொல்லியிருந்தோம். ஒட்டு ரகத்திலிருந்து எடுத்த விதை தாய்ச் செடியைப் போலவே வராது என்பதால்தான் அந்த மூன்றாவது கேள்வி. வந்த பொட்டலங்களில் பாதிக்கு மேல் வெறும் பெயர்தான் இருந்தது. ஒன்றில் ‘நல்ல விதை’ என்று மட்டும் எழுதியிருந்தது. வெங்காய விதை போலத் தெரிந்ததால் பத்து விதைகளை ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பார்த்தேன். பத்து நாளில் முளைத்தவை இரண்டு. தக்காளி விதை சரியாகக் காயவைத்தால் நான்கு ஆண்டு தாங்கும். வெங்காய விதைக்கு ஓரிரண்டு ஆண்டுதான் ஆயுள். கொண்டுவந்தவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அதை ஆசையோடு வாங்கிப்போன எட்டுப் பேருக்கு நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாற்று விஷயத்துக்கு வருகிறேன். தக்காளி, கத்திரி, மிளகாய் நாற்றுகள் விழா அன்று கையில் கொடுக்கும் அளவுக்கு வளர வேண்டுமென்றால் ஆறு முதல் எட்டு வாரம் முன்பே குழித்தட்டில் விதைத்தாக வேண்டும். விதைத்தோம். தண்ணீர் ஊற்ற 14 பேர் பெயர் கொடுத்தார்கள். முறைப் பட்டியல் போட்டுக் கருவி அறைக் கதவில் ஒட்டினேன். நடந்தது என்னவென்றால், செயற்குழு கூடிய ஞாயிறன்று வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு பூவாளி ஊற்றிவிட்டுப் போனார்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஆள் இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடி வெள்ளம். சொதசொதவென்று நனைந்த தட்டில் நாற்றழுகல் வரும் என்பது தோட்டக்காரர் யாருக்கும் தெரிந்ததுதான்: மண்மட்டத்தில் தண்டு நூலாக மெலிந்து, காலையில் நின்ற நாற்று மாலையில் படுத்துவிடும். மூன்று தட்டுகள் அப்படிப் போயின. ‘இந்த முறை நாற்று ஏன் குறைவு?’ என்று விழாவில் என்னிடம் கேட்டவர்களில் இருவரின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது. பட்டியல் இன்னும் கதவில்தான் ஒட்டியிருக்கிறது.

மட்குக் குவியலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விழா நாளன்று எழுந்த வாடை பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. எல்லாக் கதையிலும் குற்றவாளி நான்தான்.

பழைய பலகைகளைக் கொண்டு மூன்று பெட்டிகள் அடித்தோம். ஒவ்வொன்றும் நீளம், அகலம், உயரம் ஒரு மீட்டர். அதற்குச் சிறியதாக இருந்தால் குவியல் சூட்டைப் பிடித்து வைக்காது. கரிமம் (கார்பன்) 30 பங்குக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 பங்கு என்பது கணக்கு. நடைமுறையில், ஒரு வாளி காய்கறிக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் ஒழுகக் கூடாது. இவ்வளவையும் அட்டையில் எழுதிப் பெட்டியின் முன்பக்கம் ஆணியடித்திருந்தேன். நான்காம் நாளே குவியலின் நடுவில் 58 டிகிரி. 55 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சில நாட்கள் நின்றால் பெரும்பாலான களை விதைகளும் நோய்க்கிருமிகளும் செத்துவிடும். 70ஐத் தாண்டினால் மட்கச் செய்யும் நுண்ணுயிர்களே சாகும். ஐந்து வாரம் தினமும் காலையில் வெப்பமானி செருகிக் குறித்த நோட்டு என்னிடம் இருக்கிறது. இதுவரை யாரும் அதைப் பார்க்கக் கேட்கவில்லை. கேட்டால் காட்டுவேன்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு, இரவோடு இரவாக யாரோ ஈரப் புல்லும் அழுகிய பழமுமாக இரண்டு மூட்டைகளைக் குவியலின் மேல் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு கைச் சருகுகூடப் போடவில்லை. ஈரப் புல் படிந்து பாய்போல இறுகிவிடும். காற்று உள்ளே போகாது. காற்றில்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். மூக்கு இருந்தால் போதும், குவியலின் நோயைக் கண்டுபிடித்துவிடலாம்: அம்மோனியா நெடி என்றால் தழைச்சத்து மிகுதி, அழுகிய முட்டை வாடை என்றால் காற்று இல்லை. நம் குவியலில் இரண்டும் இருந்தன.

என் முன் இரண்டு வழிகள் இருந்தன. தொடாமல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தால் விழா அன்று பெரிதாக வாடை வந்திருக்காது. ஒரு மாத உழைப்பு உள்ளே அழுகிப்போயிருக்கும். புரட்டினால் அடைபட்ட வாடை வெளியே வரும், குவியல் பிழைக்கும். நான் விழாவுக்கு முந்தைய நாள் மாலை இரண்டரை மணி நேரம், தனியாக, ஆறு மூட்டைச் சருகு கலந்து புரட்டினேன். வாடை வந்தது உண்மை. மூன்றாம் நாள் அடங்கிவிட்டதும் உண்மை; அதைச் சொல்ல அப்போது யாரும் தோட்டத்தில் இல்லை. குவியலின் வாடையைக் காற்று கொண்டுவரும் பக்கத்தில் மேடையைப் போட வேண்டாம் என்று செயற்குழுவில் நான் சொன்னது கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. குறிப்பேட்டை எழுதுபவர் நான்தான் என்றாலும், தலைவர் கையெழுத்திட்டிருக்கிறார்.

இன்னொன்றையும் சபை கவனிக்க வேண்டும். வாடையையும் மீறி அன்று சிறுவர்கள் அதிகம் கூடியது குவியலைச் சுற்றித்தான். கிளறியதும் ஆவி கிளம்பியதைப் பார்த்து, “உள்ளே அடுப்பு வச்சிருக்கீங்களா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். வெப்பமானியை அவளையே செருகச் சொன்னேன். 61 டிகிரி.

குவியல் பாதிக்கும் கீழாகச் சுருங்கி, மழை பெய்த மண்போல வாசம் வந்த பிறகு சலித்தோம். சலிக்கும்போது கிடைத்த பழ ஸ்டிக்கர்களே ஒரு தீப்பெட்டி நிறைய இருந்தன. அவை பிளாஸ்டிக், எத்தனை மாதமானாலும் மட்காது. தோலைப் போடுமுன் உரித்துவிட்டுப் போடுங்கள். ஆளுக்கு ஒரு சிறு பையாக உரம் கொடுக்கப்பட்டது. குவியலைப் புரட்ட வந்தவர்கள் 6 பேர். உரம் வாங்க வந்தவர்கள் 51 பேர்.

சிறுவர் பாத்திகள் தற்போது என் பராமரிப்பில் உள்ளன. இதில் புதுமை ஒன்றுமில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் விளையாட்டுத் திடலின் ஓரத்தில் குழந்தைகளுக்காகப் பாத்தி போட்டார்கள்; குழந்தைகளுக்கு அலுத்துப்போய்ப் பெற்றோர் கைக்கு அவை வந்தன. அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைக்கு ‘ஷ்ரேபர் தோட்டம்’ என்ற பெயரில் அந்த நாடு முழுக்க இருக்கும் குடும்பத் தோட்டங்கள். அங்கே பெற்றோராவது வந்தார்கள்.

சந்தா. மொத்தம் 64 பாத்திகளில் 23 பாத்திகளுக்குச் சந்தா வரவில்லை. அவற்றில் 9 பாத்திகளில் களை இடுப்பளவு நிற்கிறது. யார் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. உரம் வாங்கியவர் பட்டியலையும் பொருளாளரின் பேரேட்டிலுள்ள சந்தா பாக்கிப் பட்டியலையும் தற்செயலாக அருகருகே வைத்துப் பார்க்க நேர்ந்தபோது, 11 பெயர்கள் இரண்டிலும் இருந்தன என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். ‘பொதுத் தோட்டத்துக்கு எதற்குச் சந்தா?’ என்று ஒருவர் கேட்டார். 1973இல் நியூயார்க்கில் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் நண்பர்களும் குப்பைமேடாகக் கிடந்த மனையைச் சுத்தம் செய்து சமூகத் தோட்டமாக்கினார்கள்; அடுத்த ஆண்டு நகர நிர்வாகம் மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அதை அவர்களிடம் விட்டது. அந்த ஒரு டாலரையும் யாராவது கொண்டுபோய்க் கட்டித்தானே இருப்பார்கள்?

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். சென்ற ஆண்டுக் கையிருப்பால் சரிக்கட்டினோம். ‘இதர செலவுகள்’ வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரியலாம். வெப்பமானியும் சல்லடையும் அதில் அடக்கம். ரசீதுகள் உள்ளன. சில, மேலே சொன்ன பீப்பாய் வழிந்த அன்று கருவி அறையில் நனைந்துவிட்டன. தொகை தெளிவாகத் தெரிகிறது, தேதிதான் தெரியவில்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், ஓவியப் போட்டி நடுவர்களுக்கும், தண்ணீர் இணைப்புக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் சங்கத்தின் நன்றி. புரட்ட வந்த அந்த ஆறு பேருக்கு என் சொந்த நன்றி.

அடுத்த ஆண்டுக்கான செயலாளர் தேர்தல் இன்று நடைபெறும். மூன்று ஆண்டுகளாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். என் முழங்காலும் வீட்டாரும் போதும் என்கிறார்கள். புதியவர் யார் வந்தாலும் கருவி அறைச் சாவி, வெப்பமானி, நோட்டு, சந்தா பாக்கிப் பட்டியல் அனைத்தையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். மனுத் தாக்கலுக்கான காலம் நேற்றுடன் முடிந்தது. மனு எதுவும் வரவில்லை. சபை வற்புறுத்தினால், நீர் ஊற்ற இருவர், புரட்ட நால்வர் எழுத்துமூலம் உறுதி தந்தால், யோசிக்கலாம்.

அடுத்த விழாவுக்கான முதல் குவியலை வரும் ஞாயிறு காலை 6 மணிக்குப் புரட்டுகிறோம். மண்வெட்டிகள் ஐந்து உள்ளன. இதுவரை பெயர் கொடுத்திருப்பவர் ஒருவர், அது நான்.

இப்படிக்கு,
செயலாளர்