எத்தனை பொத்தான்?

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். நீ கேட்ட விஷயத்தை அக்கா காதில் போட்டுவிட்டேன், அவளே உன்னிடம் பேசுவாள்.

மழலையர் வகுப்பில் உதவிக்குப் போகிறேன் என்றதும் "மூக்குத் துடைத்துவிடவா?" என்று சிரித்தாயே, அதுவும் உண்டுதான். ஆனால் நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

அங்கே மூன்றரை வயதில் ஒரு வாண்டு. இருபதுவரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். ஐந்து பொத்தான்களை வரிசையாக வைத்தால், ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுச் சரியாக எண்ணுவாள். "அப்போ மொத்தம் எத்தனை?" என்றால் விழிப்பாள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவாள். எத்தனை தடவை கேட்டாலும் இதே கதைதான். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது நமக்கு ஒரு விஷயமாகவே தோன்றாது. அவளுக்கோ அது பெரிய மலை. ஜெல்மன், காலிஸ்டல் என்ற ஆய்வாளர்கள் 1978இலேயே இதை எண்ணுவதன் விதிகளில் ஒன்றாகத் தனியே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒப்பிக்கத் தெரிவதற்கும் இது பிடிபடுவதற்கும் நடுவில் மாதங்கள் ஓடிவிடும்.

நேற்று எண்ணி முடித்தாள். எத்தனை என்றேன். பொத்தான்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அஞ்சு!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, செல்வி. அதே பொத்தான்களை அவள் கண்ணெதிரே தள்ளித் தள்ளி வைத்து "இப்போ?" என்றேன். "நிறைய!" என்று கையை விரித்தாள். வரிசை நீண்டால் எண்ணிக்கையும் கூடியதாகவே இந்த வயதில் தோன்றும் என்று, குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜே சொன்னது அப்படியே நடந்தது. அடுத்த மலை அது. ஏறுவாள்.

எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே தெரியுமா? வாசலில் நிற்கும் பெற்றோர், "இன்னும் எழுத வைக்கலையா?" என்று கேட்கும்போதுதான். மணிக்கட்டில் நமக்கு எட்டுச் சிறு எலும்புகள். பிறக்கும்போது அவை எல்லாமே குருத்தெலும்பு. மூன்று வயதில் பாதிகூட எலும்பாகி இருக்காது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நாலு வரி நோட்டை நிரப்பச் சொன்னால் பிள்ளை எழுத்தையே வெறுத்துவிடும். களிமண் பிசையட்டும், காகிதம் கிழிக்கட்டும், மணி கோக்கட்டும். எழுதும் கைக்கு அதுதான் பயிற்சி.

உன் பேரனுக்கு நோட்டு வாங்கிவிட்டாயாமே, அண்ணி சொன்னாள். அதை அலமாரியில் வை. அப்புறம் அவன் முன்னால் ஐந்து பொத்தானை வைத்துக் கேட்டுப் பார். என்ன சொன்னான் என்று வார்த்தை மாறாமல் எழுது, உன் விளக்கம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி