சார்லமேனும் கைநாட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மேற்கு ஐரோப்பாவில் பெரும்பகுதியை ஆண்ட பிராங்க் இன மன்னர் சார்லமேன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் அதன் பெட்டிச் செய்தியில் அவரை 'எழுதப் படிக்கத் தெரியாத சக்கரவர்த்தி' என்று போட்டிருந்ததுதான் உறுத்தியது.

எழுதுவதையும் படிப்பதையும் நாம் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் அவை இரண்டும் தனித்தனி வித்தைகள். இறகை மையில் தோய்த்துத் தோலில் எழுதுவது எழுத்தர்களின் தொழில். அரச ஆணையில் மன்னரின் பெயரைச் சிலுவை வடிவில் அவர்களே வரைந்துவிடுவார்கள். நடுவே ஒரு சிறு கோடு இழுப்பதுதான் மன்னர் வேலை. இதைக் கைநாட்டு என்று நினைத்துவிடக் கூடாது.

சார்லமேனின் அரசவையில் இருந்து, பின்னாளில் அவர் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் சொல்வதைப் பாருங்கள். தாய்மொழியைப் போலவே லத்தீன் பேசுவாராம். கிரேக்கம் பேசுவதைவிடப் புரிந்துகொள்வது அதிகம். பலர் முன்னால் வாசிக்க மாட்டார், ஆனால் வாசிப்பதில் நல்ல தேர்ச்சி உண்டு என்கிறார். எழுத்துதான் வரவில்லை. தலையணைக்கு அடியில் மெழுகுப் பலகை வைத்துக்கொண்டு, நேரம் கிடைத்தபோதெல்லாம் எழுதிப் பழகினாராம். வயதான பிறகு தொடங்கியதால் கை வசப்படவில்லை.

என் அப்பாவும் ஏறக்குறைய இப்படித்தான். செய்தித்தாளை வரி விடாமல் படிப்பார். கடிதம் எழுத மட்டும் என்னைக் கூப்பிடுவார். அவரைப் படிக்கத் தெரியாதவர் என்று யாராவது சொல்லியிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

இங்கிலாந்தின் யார்க் நகரைச் சேர்ந்த அல்குயின் என்ற அறிஞரை அழைத்து வந்து பாடம் கேட்டவர் சார்லமேன். மடாலயங்களில் பள்ளி வைக்கச் சொல்லி 789இல் ஆணையிட்டவர். அவர் ஆட்சியில் பரவிய தெளிவான சிற்றெழுத்தைத்தான் 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர்கள் பழைய ரோமானியருடையது என்று நினைத்து எடுத்துக்கொண்டார்கள். இன்று நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலச் சின்ன எழுத்துகள் அந்த வழியில் வந்தவைதான்.

சரி, அவரைக் குறை சொல்ல வேறு விஷயமா இல்லை? 782இல் வெர்டன் என்ற இடத்தில் தன்னை எதிர்த்த சாக்சன் இனத்தவர் 4,500 பேரை ஒரே நாளில் வெட்டிச் சாய்த்ததாக அவர் நாட்டின் பிராங்க் அரச ஆண்டுக்குறிப்பே சொல்கிறது. அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை,
கும்பகோணம்.