டிவியில் வந்த 11 செக்கன்

எல்லாருக்கும் வணக்கம்.

நுவரெலியா ரேஸ் முடிந்து மூன்று வாரமாகிறது. இன்னும் கொட்டாஞ்சேனையில் யாராவது வழியில் நிறுத்தி, "தம்பி, உங்கள டிவியில பார்த்தம்" என்கிறார்கள். எதைப் பார்த்தீர்கள் என்று நான் கேட்பதில்லை. எட்டுச் சுற்று ஓட்டத்தில் என் கார் திரையில் வந்தது மொத்தமே 11 செக்கன். பக்கத்து வீட்டுப் பொடியன் டிவியை போனில் பிடித்து வைத்து எண்ணிச் சொன்ன கணக்கு. அதிலும் 8 செக்கன், வந்த பக்கத்தையே பார்த்தபடி ரோட்டுக்குக் குறுக்கே நிற்கிறேன். முன்னுக்கு ஓடுகிறவனையும் சுழன்று போகிறவனையும் தவிர வேறு யாரையும் கமெரா தேடாது. நடுவில் ஓடுகிறவர்களைத் தேடுவது அவரவர் அம்மாமார்தான்.

ஒன்பதாவதாக வந்தேன். வாழ்த்திய எல்லாருக்கும் நன்றி. ஆனால் அந்த வாழ்த்தில் பெரும்பங்கு வேறு ஆட்களுக்கு உரியது. சேரவேண்டிய இடத்தில் சேர்க்காமல் நானே வைத்திருந்தால் அதுவும் ஒரு கடன். எனக்கு இருக்கிற கடன் போதும்.

முதலில் கார். 2019 கடைசியில் நீர்கொழும்புப் பக்கம் ஒரு வளவில், பூவரச மரத்தடியில் கிடந்த போர்ட் லேசர். பின் சீட்டில் கோழி அடை கிடந்தது. குஞ்சு பொரிக்கும்வரை பொறுக்கச் சொன்னார்கள், பொறுத்தேன். ஏன் லேசர் என்று கேட்பவர்களுக்கு: அது உள்ளுக்குள் மஸ்தா 323தான். 1300 சீசீ வகுப்பில் ஓடுகிற இந்தக் கார்கள் ஒரு காலத்தில் நம் நாட்டில் தெருவுக்குத் தெரு நின்றவை. கையில் காசில்லாதவன் ரேஸுக்குள் நுழைய இருந்த வாசல் இதுதான். வாங்கிச் சில மாதத்தில், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பழைய இரும்புக்கும் விலை ஏறியது. கோழிக்குக் கொடுத்த தவணை சில மாதம் நீண்டிருந்தால் எனக்கு இந்தக் கார் இல்லை.

பஞ்சிகாவத்தை நானா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. உங்கள் கடைக்குள் நடப்பதென்றால் ஒரு காலை கியர் பொக்ஸ் மேலும் மற்றக் காலை ரேடியேட்டர் மேலும் வைக்கவேண்டும். லேசருக்கு இன்ஜின் புளொக் வேண்டும் என்றேன். எழும்பாமலே ஒரு மூலையைக் காட்டினீர்கள். மூன்று கிடந்தன. பெருவிரலால் ஒயில் பிசுக்கைத் துடைத்து, வார்ப்பில் இருந்த எழுத்தைத் தடவிப் பார்த்து, "இது இ3, இத எடுங்க. மத்த ரெண்டும் உங்கட வேலைக்கு ஆகாது" என்றீர்கள். இ3 என்பது மஸ்தாவின் 1300 இன்ஜின். விலை கேட்டதற்கு, "மொதல்ல அது ஓடட்டும் தம்பி, காசு ஓடியா போவுது" என்றீர்கள். அந்த வசனத்துக்கு நான் இன்றுவரை தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். சிகரெட் பெட்டி அட்டையில் எழுதிய கணக்கில் இன்னும் மூன்று வரி வெட்டப்படாமல் இருக்கிறது என்பதும் தெரியும்.

உண்மையில் அது இரண்டாவது புளொக். முதலாவதை நான் ஒரு பட்டறையில் சிலிண்டர் போர் பண்ணக் கொடுத்துப் பழுதாக்கிக்கொண்டேன். எந்தப் பட்டறை என்பது வேண்டாம். அவசரப்பட்டதும் மலிவு பார்த்ததும் நான்தான். அந்த இன்ஜினை முதன்முதலில் ஸ்டார்ட் பண்ணிய நாளை மட்டும் சொல்லியாகவேண்டும். 2022 ஓகஸ்ட். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் 92 ஒக்டேன் லீட்டர் 470 ரூபாவுக்குப் போயிருந்தது. பிறகு கியூஆர் பங்கீடு வந்தது: காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4. ஊரே வரிசையில் படுத்துக் கிடக்கும்போது ரேஸ் காருக்குப் பெற்றோல் தேட எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்காமலே கொண்டுவந்தவன் என் மச்சான் ஒருவன். உறவு மச்சான் இல்லை, கொழும்பு மச்சான். சாப்பாடு டெலிவரி ஓடிப் பிழைத்துக்கொண்டிருந்தவன், தன் 4 லீட்டரில் ஒன்றை நெக்டோ போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்தான். காபரேட்டரில் ஊற்றினோம். இரண்டாம் முறை பிடித்தது. கராஜுக்குள் நீலப் புகை நிறைந்தது. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. சிலிண்டர் வட்டமாக இல்லாமல் முட்டை மாதிரி இருந்தால் ரிங் எப்படிப் பிடிக்கும்? அவனுடைய அரை நாள் ஓட்டத்தை ஐந்து நிமிடத்தில் புகையாக்கினேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போத்தல மட்டும் தா, கடையில டெபொசிட் இருக்கு" என்றான்.

அப்புறம்தான் நானா தந்த புளொக்கோடு மாளிகாவத்தை லேத் பாஸிடம் போனேன். பாஸுக்குத் தமிழ் வாசிக்க வராது. இந்தப் பகுதியை நேரில் போய்ச் சிங்களத்தில் சொல்வதாக இருக்கிறேன், என் சிங்களத்துக்கு அவர் சிரித்தாலும் பரவாயில்லை. பிஸ்டன் நாலையும் கையில் கொடுக்காவிட்டால் போர் பண்ணமாட்டேன் என்றார். முதல் பட்டறை பிஸ்டனைக் கேட்கவே இல்லை. பாஸ் ஒவ்வொரு பிஸ்டனையும் தனியாக அளந்து, அதன் தலையில் சோக்கால் நம்பர் போட்டு, அந்தந்தச் சிலிண்டரை அந்தந்தப் பிஸ்டனுக்கே வெட்டினார். இடைவெளி இரண்டு தவ். அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு, தலைமயிரை விட மெல்லியது. முடிந்ததும் ரிங் போடாத பிஸ்டனை ஒயில் பூசி சிலிண்டருக்குள் விட்டுக் காட்டினார். விழவுமில்லை, நிற்கவுமில்லை. தன் பாரத்தில் மெல்ல இறங்கிப் போனது. நாங்கள் இரண்டு பேரும் அது அடிவரை போவதை ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மட்டக்குளி வெல்டிங் அண்ணா, உங்களிடம் நன்றிக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கவேண்டும். ரோல் கேஜுக்கு, அதாவது கார் பிரண்டால் ஓட்டுகிறவனைக் காக்கும் குழாய்க் கூட்டுக்கு, நான் கொண்டுவந்தது ஆமர் வீதியில் வாங்கிய ஜீஐ குழாய். தண்ணீர்க் குழாய் என்றே சொல்லலாம். அதை நீங்கள் முற்றத்தில் போட்டு, நீளவாக்கில் ஓடும் ஒட்டுக் கோட்டைக் காட்டி, "கார் பிரண்டா இந்தக் கோட்டிலதான் வாய் பிளக்கும்" என்றீர்கள். சர்வதேச விதியில் பிரதான வளைவுக்குக் கேட்பது ஒட்டில்லாத குழாய், 45 மில்லிமீற்றர் விட்டம், இரண்டரை மில்லிமீற்றர் கனம். அதன் விலையைக் கேட்டதும் உங்களோடு கோபித்துக்கொண்டு போனேன். இரண்டு மாதம் வரவில்லை. திரும்பி வந்தபோது நீங்கள் ஒன்றும் கேட்காமல், ஒட்டிய மூட்டு ஒன்றைக் குறுக்கே அரிந்து, இரும்பு உள்வரை உருகிக் கலந்திருப்பதைக் காட்டினீர்கள். அந்தத் துண்டு இப்போது என் ஒபீஸ் மேசையில் கடதாசி பறக்காமல் இருக்கிறது.

முதல் ஓட்டம் கட்டுகுருந்தையில். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை போட்ட விமான ஓடுபாதை அது. அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஓடினேன், முடித்தேன், வீட்டுக்கு வந்தேன். ஸ்பொன்சர் தருகிறோம் என்று ஸ்டிக்கர் ஒட்டவைத்துவிட்டுக் காணாமல் போன ஒரு கம்பனியின் கதையும் அந்தக் காலத்தில்தான். தங்கச்சி தன் ஹெயார் டிரையரால் சூடாக்கி அத்தனை ஸ்டிக்கரையும் உரித்தெடுத்தாள். ஹெயார் டிரையர் அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை. அதுவும் கணக்கில் இருக்கிறது.

நுவரெலியாவுக்குக் காரைக் கொண்டுபோக டிரெயிலர் வாடகை கட்டுபடியாகவில்லை. பேலியகொடை மெனிங் சந்தைக்கு மரக்கறி இறக்கிவிட்டு வெறுமனே மலைக்குத் திரும்பும் லொறிகளைப் பற்றி யோசனை சொன்னது என் மனைவி. பதினாலரை அடி லொறிக்குள் லேசர் அளவெடுத்துத் தைத்த மாதிரி ஏறியது. லொறிக்கார அண்ணா டீசல் காசு மட்டும் வாங்கினார். கினிகத்தேனை ஏற்றத்தில் இருந்து மேலே, ஒவ்வொரு வளைவுக்கும் இறங்கிக் கயிற்றைப் பார்த்தவர் அவர்தான். நான் முன் சீட்டில் தூங்கிவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் இன்னும் லீக்ஸ் வாசம் போகவில்லை.

மேலே போய் ஸ்டார்ட் பண்ணினால் கறுப்புப் புகை. காரணம் எனக்குப் புத்தக அளவில் தெரியும்: கொழும்பு கடல் மட்டம், நுவரெலியா 1,868 மீற்றர். காற்றுக் குறைவு, காபரேட்டர் மட்டும் கொழும்பில் நிற்பதாக நினைத்து அதே அளவு பெற்றோலை ஊற்றிக்கொண்டிருக்கிறது. வலுவில் ஐந்தில் ஒரு பங்கு எப்படியும் போகும், அதற்கு ஒன்றும் செய்ய ஏலாது. ஆனால் காபரேட்டருக்குள் பெற்றோலை அளந்து விடும் ஜெட்டைச் சிறிதாக்கினால் மிச்சத்தையாவது காப்பாற்றலாம். ஜெட்டின் துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. என்னிடம் சின்ன ஜெட் இல்லை.

அப்போது என் வகுப்பிலேயே ஓடுகிற, எனக்கு இரண்டு வரிசை முன்னால் நிற்கவேண்டிய ஒருவர், தன் டூல்ஸ் பெட்டியில் இருந்து ஒரு பிலிம் டப்பாவை எடுத்துவந்தார். உள்ளே பஞ்சில் சுற்றிய ஜெட்கள். "எது சரியோ போட்டுப் பாருங்க அய்யா, நாளைக்குத் தந்தாச் சரி." நான் அவரைவிட இளையவன், அய்யா என்று அவர் சொன்னது சிங்களத்து அண்ணன் என்ற மரியாதையில். நாங்கள் தங்கியிருந்தது ஒரு தோட்டத்து வீட்டில். லொறிக்கார அண்ணாவின் அக்கா வீடு. அக்கா சாயத்தண்ணி ஊற்றி ஊற்றித் தந்தார். வெறும் 40 வோட் பல்பு வெளிச்சத்தில், விரல் விறைத்துப்போய், ஒரு ஜெட்டை மாற்றுவது, லயத்துக்குக் கீழே ரோட்டில் ஒரு சின்ன ஓட்டம், பிளக் கழற்றிப் பார்ப்பது. முதல் முறை அடுப்புக்கரி. இரண்டாம் முறை கொஞ்சம் பழுப்பு. நாலாம் முறை பிளக்கின் பீங்கான் மாரி பிஸ்கட் நிறத்தில் வந்தது, கலவை சரி என்பதற்கு அதுதான் அடையாளம். அக்காவின் மகள், ஓ.எல். படிக்கிற பிள்ளை, ஒரு பிஸ்கட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தே பார்த்துவிட்டாள். அக்கா, அந்தச் சத்தத்துக்கு உங்கள் லயத்தில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. விடிந்தால் கொழுந்து பறிக்கப் போகவேண்டிய ஆட்கள். எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

இனி அந்த 8 செக்கன். மூன்றாம் சுற்று, கிரகரி வாவியோரம், ஈரம் காயாத ஒரு துண்டில் பிரேக்கைக் கொஞ்சம் பிந்தி மிதித்தேன். பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. டிவியில் பார்த்தவர்களுக்குத் தெரிவது அவ்வளவுதான். கார் நின்றதும் நான் பார்த்தது, செம்மஞ்சள் சட்டை போட்ட, பாதையோரப் பாதுகாப்புக்கு நிற்கும் இரண்டு மார்ஷல்களை. ஒருவர் ஏற்கெனவே மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார். மற்றவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து, வேலியோரம் எட்டிப் பார்த்த சனத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ரேஸில் ஒரு கார் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள். அதில் ஒரு சின்னப் பிள்ளையும். அன்று நான் அங்கு இல்லை. அன்றிரவு அம்மா கராஜுக்குப் போய், காரை தார்ப்பாயால் மூடிவிட்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பல மாதம் நானும் அதைத் திறக்கவில்லை. ஓடுகிறவன் தன் உயிரை யோசித்துத்தான் ஏறுகிறான், பார்க்க வந்தவர்கள் அப்படி எதையும் யோசித்து வருவதில்லை. அந்த முதுகைப் பார்த்தபோது இதெல்லாம் நினைவு வந்தது. பிறகு அவர் திரும்பி, எனக்கு உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். ஆறு கார் என்னைத் தாண்டிப் போயின. கையைச் சுழற்றினார். போனேன். ஒரு சாப்பாட்டுப் பார்சலுக்கும் ஒரு தொப்பிக்கும் காலையில் இருந்து குளிரில் நின்றவர். பெயர் தெரியாது. இதை வாசித்தால் நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

வீட்டில் டிவிக்கு முன்னால் அம்மாவோடு மாடியில் இருந்தவர்களும் கீழ்வீட்டுக்காரர்களுமாகப் பதினான்கு பேராம். வர்ணனையாளர் என் பெயரை மூன்று விதமாகச் சொன்னாராம். மூன்றாவது கொஞ்சம் கிட்ட வந்ததாம். நான் சுழன்றபோது எல்லாரும் கத்த, அம்மா மட்டும் எழும்பி டிவிக்குக் கிட்டப் போய் நின்றாராம். கார் நகர்ந்ததும், "இன்ஜின் நூரல்ல", அணையவில்லை என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாராம். இத்தனை வருடத்தில் அம்மா இன்ஜினைப் பற்றிச் சொன்ன ஒரே வசனம் அது.

என் மனைவியிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. 2019ல் இருந்து கடைசி நட்டு வரைக்கும் அதில் எழுதியிருக்கிறது. செட்டியார் தெருவில் அடகில் இருக்கிற அவளுடைய சங்கிலியும் அதில் ஒரு வரி, மற்ற வரிகளைப் போலவே நீல மையில், பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லாமல். அதற்கு இங்கே நன்றி எழுதினால் திட்டுவாள். வட்டி கட்டியிருக்கிறேன், ரசீது கொப்பிக்குள் இருக்கிறது.

கடைசியாக ஒரு விஷயம். நுவரெலியாவில் சாமான் கட்டும்போது யாருடைய பெட்டிக்குள்ளோ ஒரு 14ஆம் நம்பர் ரிங் ஸ்பெனர் போய்விட்டது. கைப்பிடியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். அது என்னுடையது இல்லை, லேத் பாஸுடையது. கண்டால் பஞ்சிகாவத்தையில் நானாவிடம் கொடுத்துவிடுங்கள், நான் சனிக்கிழமை எப்படியும் அங்கே போவேன்.